உட்காரவா, நிற்கவா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா என்று நான் கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய். இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டி வரும். அதனால் நேரே சண்டைக்கு வருகிறேன். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. கடல் தாண்டிப் போனவர்களுக்குத் தபால்பெட்டி கண்ணில் படாது போலிருக்கிறது.

போனில் பேசினால் என்ன என்று அம்மா நச்சரிக்கிறாள். போனில் இரண்டாவது நிமிடம் நீ அழ ஆரம்பிக்கிறாய், மூன்றாவது நிமிடம் நான் ஜோக்கடிக்க ஆரம்பிக்கிறேன். கடிதத்திலாவது நம் இருவருக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சட்டும்.

வீட்டு நிலவரம்: அப்பா பஸ் டெப்போவிலிருந்து ஓய்வு பெற்றபிறகு வீட்டையே டெப்போவாக ஆக்கிவிட்டார். எனக்காகச் சாய்வுப் பலகை ஒன்று செய்து மேஜையில் முடுக்கியிருக்கிறார், தாள் நழுவாமல் நிற்கிறது. வலது கையில் மணிக்கட்டும் விரல்களும் இன்னும் என் கட்சிதான். முழங்கை பாதி மடங்கினபடி நின்றுபோனாலும், பேனா தாளைத் தொடுகிற இடத்தில் பார்த்து நின்றது. அந்தப் புண்ணியத்தில்தான் பதிப்பகத்துக்காரர் இன்னும் பிழைதிருத்தப் புரூஃப் அனுப்புகிறார்.

இந்த மாதம் என்ன வந்திருக்கிறது தெரியுமா? எட்டாம் வகுப்பு அறிவியல். ‘எலும்புகளும் மூட்டுகளும்’. சத்தியமாக. ‘வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘சிலருக்குக் கூடுதலாகவும்’ என்று எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். தசையும் நாரும் தானாகவே எலும்பாகி, மூட்டு மூட்டாகப் பூட்டிக்கொண்டு போகிற நோய் பத்து இருபது லட்சத்தில் ஒருவனுக்கு வரும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? பரீட்சையில் கேட்கப்போவதில்லை. எலும்புக்கு வேலை மூன்றாம்: உடம்புக்கு வடிவம் கொடுப்பது, உள்ளே இருப்பதைக் காப்பது, அசைய உதவுவது. என்னிடம் முதல் இரண்டும் அமோகமாக நடக்கிறது.

இனி விஷயம். போன மாதம் இடது இடுப்பில் வீங்கியது. பத்து நாளில் வலதிலும். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். 

“ரெண்டு மூணு மாசத்துல இடுப்பு ரெண்டும் பிடிச்சுக்கும் தம்பி. இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.”

“என்ன முடிவு சார்?”

“உட்கார்ந்த மாதிரி பிடிக்கணுமா, நின்ன மாதிரி பிடிக்கணுமான்னு. எப்படி அதிக நேரம் இருக்கீங்களோ, பெரும்பாலும் அப்படியே நின்னுடும்.”

துணிக்கடையில் என்ன கலர் வேண்டும் என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். பாவம், வேறு எப்படிக் கேட்பார்.

அக்கா, மூட்டு உன் தொழில். அதனால் உன்னைக் கேட்கிறேன். உட்காரவா, நிற்கவா?

உன்
சுள்ளி


மார்ச் 19

என் அன்புச் சுள்ளிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கையெழுத்து முன்னைவிடச் சின்னதாகிவிட்டது. கண்ணுக்குக் கெடுதல், பெரிதாக எழுது.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. எங்கள் மறுவாழ்வு இல்லத்தில் ஆள் குறைவு, இரண்டு வார்டையும் நானே பார்க்கிறேன். நேற்று எண்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், ஒரு காலத்தில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், புது இடுப்பு மூட்டை வைத்துக்கொண்டு பதினோரு அடி நடந்தார். நடந்து முடித்ததும் எனக்குக் கைகொடுத்தார். அந்தக் கையை அப்படியே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே எடுக்க மனம் வரவில்லை.

இரண்டு மெத்தைத் தலையணைகள் அனுப்பியிருக்கிறேன். முழங்காலுக்கு அடியில் வைக்க நீள உருளையாக ஒன்று, முதுகுக்கு ஒன்று. அம்மாவிடம் சொல், உறையைக் கழற்றித் துவைக்கலாம்.

நீ கேட்டதற்கு டாக்டரையே கேள்டா. அவர் உன்னை நேரில் பார்க்கிறவர். நான் சொல்வது சரிவராது. உன் உடம்பில் என் கைவரிசை ஏற்கெனவே இருக்கிறது. அது போதும்.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்
அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்கா,

தலையணை வந்தது. அம்மா ஒன்றை எடுத்து முதல் வேலையாகத் தன் முதுகுக்கு வைத்துப் பார்த்தாள், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு வைத்தாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குளிர் இருக்கிறது, கப்பல்காரர் இருக்கிறார், தலையணை இருக்கிறது, அப்பாவின் இருமல்கூட இருக்கிறது. நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. மறுபடியும் அந்தப் பழைய பல்லவிதான் கடைசியில்: ‘என் கைவரிசை’.

பத்து வருடமாகச் சொல்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்குப் பதினாலு வயது. இடதுகைப் பந்துவீச்சாளன். தோள்பட்டை மேலே போகமாட்டேன் என்றது, முழங்கை விறைத்தது. நீ பிசியோதெரபி கடைசி வருடம். ‘அக்கா, கையை எப்படியாவது தூக்கிக்கொடு’ என்று உன் காலைச் சுற்றியவன் நான். சாயங்காலம் ஆனால் முன்னறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கூப்பிட்டவனும் நான். நீ தோளை ஒரு கையால் பிடித்து, முழங்கையை இன்னொரு கையால் மெதுவாக நீட்டுவாய். முப்பது எண்ணுவாய். நான் அழுவேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று, “போதும்டி, விட்டுடு” என்பாள். “விடாதே, இன்னும் பத்து எண்ணு” என்று கத்தினவனும் நான்தான். இழுத்து நீட்டினால் இந்த நோய் வெறிகொண்டு எலும்பு போடும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? முதுகுக் கட்டியைப் புற்றாக இருக்கும் என்று பயந்து துண்டு வெட்டியெடுத்தாரே அந்த அறுவை டாக்டர், அவருக்கே தெரியாது. அந்தத் தையல் ஆறுவதற்குள் முதுகு பலகையாகிவிட்டது.

அப்புறம் ஒரு வருடம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வயதான டாக்டரம்மா. கட்டுக்கட்டாகக் கொண்டுபோன எக்ஸ்ரே எதையும் பார்க்கவில்லை. “செருப்பைக் கழட்டுப்பா” என்றார். பிறந்ததிலிருந்து என் கால் பெருவிரல் இரண்டும் குட்டையாக உள்பக்கம் மடங்கி இருக்கிறதே, அதைப் பார்த்தார். “இனிமே இந்தப் பிள்ளையை யாரும் தொடாதீங்க” என்றார். அந்த நிமிடம் வரைக்கும் உலகத்தில் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. போதுமா?

இங்கே வீட்டில் போர் நடக்கிறது. அம்மா உட்கார் என்கிறாள். சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரி, கார் எல்லாவற்றுக்கும் அதுதான் வசதியாம். அப்பா நில் என்கிறார். நேற்று சாப்பாட்டு நேரத்தில், “ஆம்பளப் பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்தே கிடப்பானா?” என்றார். அம்மா, “நின்னுக்கிட்டே தூங்குவானா? குதிரையா அவன்?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன், எனக்கு ஊட்டிவிட்டார்கள் என்பதால் தப்பிக்க வழியில்லை.

வலி இருக்கிறது. ராத்திரி பகல் என்றில்லை. நாள் போய்க்கொண்டிருக்கிறது அக்கா. சீக்கிரம் எழுது.

சுள்ளி


ஏப்ரல் 9

சுள்ளி,

கவனமாகப் படி. அப்பாவையும் படிக்கச் சொல்.

உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நில்.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. உன் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு, ஆனால் பூட்டிக்கொண்டால் ஒரே ஒரு திசையைத்தான் உனக்கு விட்டுவைக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தொடைக்கும் உடம்புக்கும் தொண்ணூறு டிகிரி. அதில் நின்றுவிட்டால் படுக்க முடியாது, பக்கவாட்டில் சுருண்டுதான் கிடக்கவேண்டும். நேராக நின்றால் நூற்றெண்பது. அதில் நின்றுவிட்டால் காரில் ஏற்ற முடியாது, மேஜையில் வேலை செய்ய முடியாது. ஒரு நாள் சாய்ந்தால் மரம் மாதிரி விழுவாய். கையை ஊன்ற முடியாது உனக்கு.

நூற்றிருபதிலிருந்து நூற்றிருபத்தைந்துக்குள் வைத்துக்கொள். உயரமான ஸ்டூலில் நுனியில் சாய்ந்து நிற்பதுபோல. பஸ் நிறுத்தத்தில் குட்டிச்சுவரில் ஆட்கள் சாய்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. அப்பா செய்துவிடுவார்: இருக்கை முன்பக்கம் சரிவாக இருக்கட்டும், பின்னால் முதுகுப் பலகை, அடியில் பூட்டுகிற சக்கரம். படுக்கும்போதும் அதே கோணம், அந்த உருளைத் தலையணை முழங்காலுக்குக் கீழே. முழங்காலை லேசாக மடக்கியே வை. இரண்டு பாதமும் தரையில் ஒரே மாதிரி படட்டும். கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கவேண்டும், கழுவுவதற்கும் துடைப்பதற்கும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள், பிற்பாடு அதுதான் பெரிய கஷ்டமாகும்.

யாரும் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடும் கூடாது. எலும்பு நாம் சொல்வதை முழுசாகக் கேட்காது. நாலைந்து டிகிரி அது தன் இஷ்டத்துக்குப் போகும். போகட்டும். அதோடு சண்டை வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதை இந்தக் காகிதத்தில் எழுதமாட்டேன், இது அப்பா படிக்கவேண்டிய காகிதம்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

பிடித்துக்கொண்டது.

போன மாதம் பதினெட்டாம் தேதி காலையில் வலி குறைந்திருந்தது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அம்மா தலையணையை எடுத்தாள், கால் அதே இடத்தில் இருந்தது. கீழே எதுவும் இல்லாமலே மடங்கினபடி காற்றில் நின்றது. அம்மா தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அதைத் திரும்ப அடியில் வைத்தாள்.

டாக்டர் அளந்து பார்த்தார். இடது நூற்றிருபத்திரண்டு, வலது நூற்றுப் பதினெட்டு. “யாருப்பா இதைச் சொன்னது? ரொம்ப நல்லா யோசிச்சிருக்காங்க” என்றார். “எங்க அக்கா சார்” என்றேன். அம்மா அழுதாள். அப்பா ஸ்டூலின் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் தரையில் உட்கார்ந்துகொண்டார், ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவின் ஸ்டூல் பிரமாதம். பஸ் சீட்டின் ரெக்ஸின் போட்டுத் தைத்திருக்கிறார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தெருவில் போகிறவர்களைப் பார்த்தால் நானும் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரிதான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டுவாத்தியார், “என்ன தம்பி, கிளம்பிட்டீங்களா?” என்று தினமும் கேட்கிறார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கும் முதல் நாலு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நான் இந்த முறை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவேண்டும் என்று கூட. நடக்காது. இருதயத்தையும் நாக்கையும் கண்ணையும் இந்த நோய் தொடாதாம். நன்றாகப் பார்த்து, ருசித்து, துடித்துக்கொண்டு, உள்ளே இருக்கலாம். யார் யோசித்துவைத்த கருணை இது?

இப்போது தாடையில் ஆரம்பித்திருக்கிறது. வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. ஆறு மாதம், எட்டு மாதம் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு பல்லுக்கு நடுவில்தான் பேச்சும் சாப்பாடும்.

அதனால் மானத்தை விட்டுக் கேட்கிறேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போ அக்கா. நான் ஒழுங்காக வாய்திறந்து பேசும்போதே. பக்கத்தில் உட்கார்ந்து நீ உன் கப்பல்காரர் கதையைச் சொல்லு, நான் நடுவில் குறுக்கே பேசுகிறேன். எட்டு வருடமாயிற்று நீ போய். ஆளைப் பார்த்தால் அழுவாய் என்றால் அழு. நான் ஜோக்கடிக்கமாட்டேன், எழுதித் தருகிறேன்.

சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது என்றாயே, அதையும் நேரில் சொல்.

உன்
சுள்ளி


ஜூன் 20

சுள்ளி,

நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொல்லாமல் வந்து உன் முன்னால் உட்காரவும் முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி.

உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. எங்கள் பேராசிரியை, அபூர்வ நோய்கள் என்று ஒரு வகுப்பு எடுத்தார். அரைமணி நேர வகுப்பு, பாதிப் பேர் தூங்கினார்கள். ஒரு குழந்தையின் பாதங்களைத் திரையில் காட்டினார். பெருவிரல்கள் குட்டையாக, உள்பக்கம் மடங்கி. “இந்தக் காலையும் விறைச்ச கழுத்தையும் ஒண்ணா பார்த்தீங்கன்னா கையைக் கட்டிக்கோங்க. நீட்டாதீங்க, ஊசி போட விடாதீங்க, வெட்ட விடாதீங்க. தொட்டா எலும்பாகும்” என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

உன் பாதத்துக்குச் செருப்பு வாங்க என்னோடுதான் நீ வருவாய். எனக்குத் தெரியாதா அந்த விரல்?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ பாயை விரித்து வைத்திருந்தாய். “சீக்கிரம் வாக்கா, ஞாயித்துக்கிழமை மேட்ச்” என்றாய். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் தோளைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகும் ஆறு வாரம் பிடித்தேன்.

ஏன் என்று எனக்கு நானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். லட்சத்தில் ஒருவருக்கு வருவது நம் வீட்டுக்கு எப்படி வரும் என்று நினைத்தேன். அது ஒன்று. அந்த வாரம் உன் கை இரண்டு விரல் அளவுக்கு மேலே போயிருந்தது, அதை விட மனமில்லை. அது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்: நிறுத்தினால் ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால் அது உண்மையாகிவிடும். அப்பா டெப்போ முழுக்க ‘எங்க வீட்டு டாக்டர்’ என்று சொல்லித் திரிந்த பெண் ‘இதற்கு மருந்தே இல்லை’ என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. இருபத்தொரு வயது என்பது ஒரு காரணமா? இல்லை.

நாலாவது வாரம் உன் முதுகில் துண்டு வெட்டினார்கள். உன்னை உள்ளே கொண்டுபோகும்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “பயமா இருக்குக்கா” என்றாய். அந்த டாக்டர் எனக்கு இரண்டடி தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். ‘சார், அவன் காலைப் பாருங்க.’ நான் “ஒண்ணும் ஆகாதுடா” என்றேன்.

ஆறாவது வாரக் கடைசியில் முழங்கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை. தொட ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொன்ன அன்று நீயும் அம்மாவும் அப்பாவும் அதிர்ந்து போனீர்கள். நானும் அதிர்ந்ததுபோல நின்றேன். இங்கே வேலை கிடைத்து வந்தது முன்னேற்றத்துக்கு இல்லை. ‘உனக்குத் தெரியாதுக்கா’ என்று நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்குத்தான். கடிதத்திலும் அதையே எழுதினாய், ஒவ்வொரு முறையும். நான் ஒவ்வொரு முறையும் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மன்னிக்கக் கேட்கவில்லை. நீ வா என்றால் அடுத்த விமானத்தில் வருகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

உன் கடிதம் ஜூலை முதல் வாரமே வந்துவிட்டது. அம்மா, “என்னடா எழுதியிருக்கா?” என்று நாலு தடவை கேட்டாள். “வேலை ஜாஸ்தியாம்” என்றேன். அவர்களிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அதை உனக்குச் செய்த உதவியாக எடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு வயது எழுபது. அவரிடம் மிச்சமிருக்கிற பெருமை நீ ஒருத்திதான். அதையும் பிடுங்க எனக்குத் தெம்பில்லை.

டாக்டரிடம் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்த மாதிரி. அந்த ஆறு வாரமும் வெட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “சொல்ல முடியாது தம்பி. எப்படியும் வந்திருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கலாம், பத்து வருஷம் கழிச்சும் வந்திருக்கலாம்” என்றார். அந்தப் பத்து வருடத்தைத்தான் இப்போது தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் நான் காலேஜுக்கு நடந்து போகிறேன். குனிந்து செருப்பு மாட்டுகிறேன். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். முன்பெல்லாம் இப்படி எதையும் நினைத்ததில்லை. நினைக்க இடமே இல்லாமல் இருந்தது, அது ஒரு நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ கையைப் பிடித்து நீட்டியதை என்னால் தாண்ட முடிகிறது. நான் கேட்டேன், நீ செய்தாய். பயந்தாய், மறைத்தாய், சின்னப் பெண். அதையும் இழுத்துப் பிடித்துத் தாண்டிவிடுகிறேன். ஆனால் அந்த ஆபரேஷன் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அந்தக் கை சூடாக இருந்தது. பதினோரு வருடமாக எனக்கு ஆறுதல் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கைதான்.

இன்னொன்று. உன்னைத் தேற்றுவது என் வேலையாக இருந்தது. அசையாமல் செய்யக்கூடிய வேலை அது. ஒவ்வொரு கடிதத்தையும் எப்படி ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று இரண்டு நாள் யோசிப்பேன். ‘யாருக்கும் தெரியாது’ என்று எழுதி முடிக்கும்போது, நானும் ஒருவருக்குப் பயன்படுகிறேன் என்று இருக்கும். நீ அதை அங்கே உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தாய்.

வராதே. வந்தால் நான் ஜோக்கடிப்பேன். பழக்கம், தானாக வந்துவிடும். இந்த முறை எனக்கு அடிக்க விருப்பமில்லை.

தம்பி


நவம்பர் 17

சுள்ளி,

செப்டம்பரில் இரண்டு, அக்டோபரில் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. கையும் பூட்டிக்கொண்டதோ என்று பயந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். “கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பத்தாம் வகுப்புப் புத்தகம் முழுக்க அவனே திருத்தி முடிச்சான். ஏன், உனக்கு எழுதலையா?” என்றார். எழுதினான் அப்பா என்றேன்.

நீ வராதே என்றாய். நான் வந்தேன். நேற்று நான் வந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நடந்ததை எழுதுகிறேன். உனக்கு அது தெரிய வழியில்லை.

பகல் பதினோரு மணி இருக்கும். அம்மா கதவைத் திறந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, “டேய், யாரு வந்திருக்கா பாரு. அக்காடா” என்றாள். நீ ஜன்னல் பக்கம் பார்த்து ஸ்டூலில் சாய்ந்திருந்தாய். முதுகு எனக்குத் தெரிந்தது. பலகைபோல நேராக இருந்தது. சட்டைக் காலருக்கு மேலே தலைமுடி ஒழுங்கில்லாமல் வெட்டப்பட்டிருந்தது, அப்பாவின் கத்தரி வேலை.

உன் பேனா நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஸ்டூலைத் திருப்பச் சொல்ல உனக்கு ஒரு வார்த்தை போதும். நான் உன் முன்னால் வர எனக்கு ஆறடி போதும். அம்மா காபி போட உள்ளே போய்விட்டாள். நாம் இரண்டு பேரும்தான் அறையில். சுவர்க்கடிகாரம் எதிரில் இருந்ததால் எனக்கு நேரம் தெரியும். இருபத்தைந்து நிமிடம். அதில் நீ இரண்டு பக்கம் திருத்தினாய். ஒரு இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் எதையோ எழுதி, அதை அடித்தாய். நான் ‘சுள்ளி’ என்று கூப்பிட வாயைத் திறந்தேன். திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அம்மா காபியோடு வந்தபோது நீ பேசினாய். பல்லுக்கு நடுவிலிருந்து வந்த அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “லைட்டைப் போடும்மா, எழுத்து தெரியல” என்றாய். அம்மா லைட்டைப் போட்டாள். உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. எதுவாக இருந்தாலும் அவளும் கேட்கமாட்டாள். நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். அம்மாவிடம் வேலை விஷயமாகப் பக்கத்து ஊருக்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தலையாட்டினாள். இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் எழுதி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

ஒன்று மட்டும். ஸ்டூலின் இருக்கை இடது ஓரத்தில் உன் தொடையின் அடியில் அழுத்துகிறது. நீ முன்னால் பார்த்து இருப்பதால் உனக்குத் தெரியாது, அம்மா துணி மாற்றும்போதும் அந்த இடம் மறைந்துவிடும். பின்னாலிருந்து, வேட்டி ஒதுங்கியிருந்த இடத்தில், எனக்குத் தெரிந்தது. தோல் சிவந்து கன்றியிருக்கிறது, அப்படியே விட்டால் புண்ணாகும், உனக்குப் புண் ஆகவே கூடாது. நான் வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அரை அங்குலம் இழைத்து, ஓரத்தை உருட்டிவிட்டு, மேலே பஞ்சு வைத்துத் தைத்துவிடுவதாகச் சொன்னார். நாளைக்கே செய்கிறேன் என்றார்.

யார் சொன்னது என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

அக்கா